5, 6, 8: ஒரே ஸ்ட்ரக்ட், மூன்று அளவுகள்

[திரையில்: சி மொழியில் ஒரு சிறிய ஸ்ட்ரக்ட். முதல் உறுப்பு ஒரு சார், இரண்டாம் உறுப்பு ஓர் இன்ட்.]

வணக்கம். திரையில் இருப்பது இரண்டே உறுப்புகள் கொண்ட ஒரு ஸ்ட்ரக்ட், அதாவது பல உறுப்புகளை ஒன்றாகக் கட்டிய தரவு வடிவம். சார் (ஓர் எழுத்து) 1 பைட், இன்ட் (முழு எண்) 4 பைட். இந்த ஸ்ட்ரக்ட் நினைவகத்தில் எத்தனை பைட் இடம் பிடிக்கும் என்று கேட்டால், இன்டெல் கணினியில் நிரல் எழுதிப் பழகியவர் யோசிக்காமல் 8 என்று சொல்வார். மோட்டரோலா 68000 குடும்பத்துக்கான லினக்ஸில் இதே கோப்பைக் கம்பைல் செய்தால் விடை 6. ஸ்வீடனின் ஆக்ஸிஸ் நிறுவனம் தன் வலையமைப்புச் சாதனங்களுக்காக உருவாக்கிய கிரிஸ் என்ற செயலியில் விடை 5. மூன்று விடைகளும் அந்தந்தச் செயலிக்குச் சரியானவை. சி மொழி இதில் எதையும் கட்டாயமாக்கவில்லை. தரவு நினைவகத்தில் எப்படி அமைய வேண்டும் என்று வகுக்கும், செயலிக்கும் கம்பைலருக்கும் இடையிலான ஏ.பி.ஐ. ஒப்பந்தமே இதைத் தீர்மானிக்கிறது.

சாதாரணப் பயன்பாட்டு நிரல் எழுதுபவர் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமலேயே வாழ்நாளைக் கழித்துவிடலாம். இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதுபவருக்கு அந்த வசதி கிடையாது. ஒரே மூலநிரல் பத்துக்கு மேற்பட்ட செயலிக் குடும்பங்களில் ஓட வேண்டும் என்பதாலும், வன்பொருள், வலையமைப்பு, பயனர் நிரல் ஆகிய மூன்றோடும் பைட் கணக்கில் பேச வேண்டும் என்பதாலும், ஒரு ஸ்ட்ரக்டின் உறுப்பு எந்த முகவரியில் விழுகிறது என்ற கேள்வி அவரை விடுவதே இல்லை. பழைய செயலிகளை எடுத்துக்கொண்டால் இந்தக் கேள்வியின் எல்லா முகங்களும் தெரியும். ஆகையால் அவற்றின் வழியே செல்வோம்.

[திரையில்: 68000 செயலியின் கால் அமைப்பு. முகவரிக் கால்கள் மட்டும் வண்ணமிட்டுக் காட்டப்படுகின்றன.]

1979-இல் வெளிவந்த 68000 செயலியின் முகவரிக் கால்களை எண்ணிப் பாருங்கள். ஏ1 முதல் ஏ23 வரை இருக்கின்றன; ஏ0 இல்லை. அதன் தரவுப் பாதை 16 பிட் அகலம் கொண்டது. எனவே செயலி வெளியே கேட்பது எப்போதும் இரட்டைப்படை முகவரியில் தொடங்கும் ஒரு ஜோடி பைட்டுகளைத்தான். அந்த ஜோடியில் மேல் பைட் வேண்டுமா, கீழ் பைட் வேண்டுமா, இரண்டும் வேண்டுமா என்பதைத் தெரிவிக்கத் தனியாக இரண்டு சமிக்ஞைக் கம்பிகள் உள்ளன. ஒற்றைப்படை முகவரியில் தொடங்கும் 16 பிட் மதிப்பைக் கேட்க வேண்டுமானால், அதை ஒரே கோரிக்கையாகச் சொல்ல இந்தக் கம்பிகளில் வழியே இல்லை. அப்படியொரு கட்டளை வந்தால் செயலி அதை நிறைவேற்றாமல், முகவரிப் பிழை எனப்படும் 3-ஆம் எண் விதிவிலக்கை எழுப்பிவிடும். தொடக்ககால மேக்கின்டாஷ் கணினியில் வெடிகுண்டுப் படத்தோடு 02 என்று தோன்றிய எண்ணும், அமிகா கணினியின் சிவப்புச் சட்டத்தில் 3 என்று முடிந்த எண்ணும் பெரும்பாலும் இந்தப் பிழையையே குறித்தன.

32 பிட் மதிப்புக்கும் இதே விதிதான். 16 பிட் பாதையில் 32 பிட் மதிப்பைப் படிக்க எப்படியும் இரண்டு முறை போய்வர வேண்டும். அது 4-ஆல் வகுபடும் முகவரியில் இருந்தாலும், 2-ஆல் மட்டும் வகுபடும் முகவரியில் இருந்தாலும் பயண எண்ணிக்கை மாறாது. ஆகையால் அன்றைய கம்பைலர்கள் இன்ட் வகையை 2 பைட் எல்லையில், அதாவது 2-ஆல் வகுபடும் முகவரியில், வைத்தன. வீணாகும் இடம் குறைந்தது. நினைவகம் விலை உயர்ந்த பொருளாக இருந்த காலத்தில் அது மிகவும் நியாயமான முடிவு என்றே நான் நினைக்கிறேன். நம் ஸ்ட்ரக்டின் அளவு 6 ஆனது இப்படித்தான்: சாருக்கு 1, எல்லை வரும்வரை காலியாக விடப்படும் நிரப்பு பைட் 1, இன்ட்டுக்கு 4.

1984-இல் வந்த 68020 முழு 32 பிட் தரவுப் பாதையைக் கொண்டுவந்ததோடு, ஒற்றைப்படை முகவரியில் உள்ள தரவையும் முணுமுணுக்காமல் படிக்கத் தொடங்கியது. ஆனால் ஏ.பி.ஐ. மாறவில்லை. ஜி.சி.சி. கம்பைலரில் இன்ட் வகையை 4 பைட் எல்லைக்கு மாற்றும் தெரிவு உண்டு. அது வேகம் தரும், ஆனால் ஏற்கெனவே வழக்கில் உள்ள ஏ.பி.ஐ.-களோடு ஸ்ட்ரக்டின் வடிவம் பொருந்தாது என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. அதனால் இன்றுவரை அந்த 2 பைட் எல்லையே நீடிக்கிறது. இந்த விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதே 2 பைட் நம்மிடம் திரும்பி வரும்.

[திரையில்: எட்டுப் பைட்டுகள் கொண்ட ஒரு வரிசை. பதினாறடிமான முகவரி 1000 முதல் 11, 22, 33, 44, 55, 66, 77, 88.]

68000 மறுத்துவிட்டது, பிழை எங்கே என்று உடனே தெரிந்துவிட்டது. மறுக்காத செயலிதான் உண்மையில் ஆபத்தானது. ஆர்ம் செயலியின் 4, 5-ஆம் பதிப்புகளை எடுத்துக்கொள்வோம். 1990-களின் கையடக்கக் கணினிகளிலும் அதன் பிறகு வந்த வீட்டு ரவுட்டர்களிலும் சேமிப்புப் பெட்டிகளிலும் இவை நிறைய இருந்தன. திரையில் உள்ள வரிசையில் 1001 என்ற முகவரியிலிருந்து 4 பைட் படிக்கச் சொல்கிறோம். நாம் எதிர்பார்ப்பது 22, 33, 44, 55 ஆகிய பைட்டுகள். சிறு பைட் முதலில் வரும் முறையில் அவை 55443322 என்ற எண்ணாக வேண்டும்.

முகவரி உரிய எல்லையில் இருக்கிறதா என்று பார்க்கும் அலைன்மென்ட் சோதனை அணைக்கப்பட்டிருந்தால் அந்தச் செயலி என்ன செய்யும் என்று பாருங்கள். முகவரியின் கடைசி இரண்டு பிட்டுகளைத் தள்ளிவிட்டு 1000-இல் உள்ள முழுச் சொல்லை, அதாவது 44332211-ஐ எடுக்கும். பிறகு அதை ஒரு பைட் வலப்பக்கம் சுழற்றும். கையில் கிடைப்பது 11443322. நான்கு பைட்டுகளில் மூன்று சரி, ஒன்று மட்டும் தவறு. விதிவிலக்கு இல்லை, எச்சரிக்கை இல்லை, கெர்னல் பதிவில் ஒரு வரியும் இல்லை. மேல் பைட் பூச்சியமாகவே இருக்கும் சிறிய எண்களைத்தான் அந்த இடத்தில் பெரும்பாலும் வைப்பீர்கள். முன்னால் இருக்கும் பைட்டும் பூச்சியமாக இருந்துவிட்டால் விடை சரியாகவே வரும். பல மாதங்கள் கழித்து ஒரு நாள் முன் பைட்டில் வேறு மதிப்பு வரும்போதுதான் நிரல் தடம் புரளும். அப்போது தேடுபவர் இந்த வரியைச் சந்தேகிக்கவே மாட்டார்.

இதனால்தான் லினக்ஸ் கெர்னல் இந்தச் செயலிகளில் அலைன்மென்ட் சோதனையை இயக்கி வைத்தது. தவறான முகவரி வந்தால் செயலி பொறியில் விழும், அதாவது விதிவிலக்கை எழுப்பிக் கட்டுப்பாட்டைக் கெர்னலிடம் கொடுக்கும். கெர்னல் அந்தக் கட்டளையைப் பிரித்துப் படித்து, பைட் பைட்டாக எடுத்துச் சேர்த்து, சரியான மதிப்பை ரெஜிஸ்டரில் வைத்துவிட்டு நிரலைத் தொடர விடும். கெர்னலின் சொந்தத் தவறுகள் இப்படி எப்போதும் சரிசெய்யப்பட்டன. பயனர் நிரலின் தவறுகளுக்கு என்ன செய்வது என்பதை நிர்வாகியே தேர்ந்தெடுக்க, பிராக் கோப்பகத்தில் சிபியு என்பதன் கீழ் அலைன்மென்ட் என்றொரு கோப்பு இருந்தது. அதில் 1 எழுதினால் எச்சரிக்கை, 2 எழுதினால் திருத்தம், 4 எழுதினால் நிரலுக்குச் சமிக்ஞை, கூட்டியும் எழுதலாம். எத்தனை முறை இப்படி நடந்தது என்ற எண்ணிக்கையும் அதே கோப்பில் தெரியும். பழைய ஆர்ம் பலகையில் வேலை செய்பவர் முதலில் திறந்து பார்க்க வேண்டிய கோப்பு அது என்பேன். ஒரே கட்டளையில் முடிய வேண்டிய வேலைக்கு விதிவிலக்கு, கட்டளைப் பகுப்பு, திரும்பிச் செல்லல் என்று பெரும் சுற்று நடக்கும்போது, அந்த எண்ணிக்கை வேகமாக ஏறுவதே ரவுட்டர் ஏன் மந்தமாக இருக்கிறது என்ற கேள்விக்கு விடையாகிவிடும்.

[திரையில்: ஒரு ஈதர்நெட் பொட்டலம். முதல் 14 பைட் ஒரு நிறத்திலும் ஐ.பி. தலைப்பு வேறு நிறத்திலும்.]

ரவுட்டரில் அந்த எண்ணிக்கை ஏறுவதற்கு ஈதர்நெட் ஒரு நிரந்தரக் காரணம். பெறுநர் முகவரி 6 பைட், அனுப்புநர் முகவரி 6 பைட், வகை 2 பைட் என்று ஈதர்நெட் தலைப்பு மொத்தம் 14 பைட். 14 என்ற எண் 4-ஆல் வகுபடாது. பொட்டலம் 4-ஆல் வகுபடும் முகவரியில் தொடங்கினால், அதற்குள் இருக்கும் ஐ.பி. தலைப்பு நிச்சயமாகத் தவறான எல்லையில் விழும். ஐ.பி. தலைப்பில் அனுப்புநரின் 32 பிட் முகவரி 12-ஆம் பைட்டில் இருக்கிறது. பொட்டலத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணினால் 26-ஆம் பைட். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் இந்த முகவரியைப் படித்தே ஆக வேண்டும்.

இதற்குக் கெர்னல் கண்ட தீர்வு மிக எளியது. பொட்டலத்தை வாங்கும் இடத்தின் தலையில் 2 பைட்டை வெறுமையாக விட்டுவிடுவது. 14-உடன் 2 சேர்ந்து 16 ஆகிறது, ஐ.பி. தலைப்பு சரியான எல்லையில் உட்காருகிறது, அனுப்புநர் முகவரி 28-ஆம் பைட்டுக்கு வருகிறது. அந்த 2 என்ற எண்ணுக்குக் கெர்னலில் நெட்-ஐபி-அலைன் என்று பெயர். ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஓர் எதிர்ப்பக்கம் உண்டு. 2 பைட் தள்ளினால், நினைவகத்தில் தானே எழுதும் வலையமைப்பு அட்டைக்கு அந்தத் தொடக்க முகவரி பிடிக்காமல் போகலாம். சில அட்டைகளால் 4-ஆல் வகுபடும் முகவரியில் மட்டுமே எழுத முடியும்; அங்கே அட்டையை இயக்கும் நிரலான டிரைவர் பொட்டலத்தை முழுவதுமாக ஒரு முறை நகலெடுக்க வேண்டியிருக்கும். அட்டையின் வசதியா, செயலியின் வசதியா என்ற இந்த இழுபறியில் இன்டெல் செயலிகளுக்கு அந்த எண்ணைக் கெர்னல் 0 ஆக்கிவிட்டது, ஏனெனில் அங்கே தவறான எல்லையைச் செயலி அநேகமாகச் செலவின்றியே பொறுத்துக்கொள்கிறது. அந்தப் பொறுமைதான் மற்றச் செயலிகளுக்குத் தொல்லை: மேசைக் கணினியில் மட்டும் சோதித்த டிரைவரில் உள்ள தவறு, ஸ்பார்க்கிலோ பழைய ஆர்மிலோ ஏற்றும் நாள்வரை வெளியே வராது.

இதற்குப் பலரும் கைவைக்கும் மருந்து ஸ்ட்ரக்டைப் பேக் செய்வது. நிரப்பு பைட்டே வேண்டாம், உறுப்புகளை ஒட்டி ஒட்டி வை என்று கம்பைலரிடம் சொல்லும் குறிப்பு அது. வன்பொருளோ வலையமைப்போ வரையறுத்த வடிவத்தைப் பிரதிபலிக்க இது தேவைதான். பேக் செய்த ஸ்ட்ரக்டின் உறுப்பை அதன் பெயரால் படிக்கும்வரை கம்பைலர் எச்சரிக்கையாக இருக்கும். ஆர்ம் 5-ஆம் பதிப்பில் நான்கு தனித்தனி பைட்டாகப் படித்துச் சேர்க்கும். ஆனால் அந்த உறுப்பின் முகவரியை எடுத்து ஒரு சாதாரண 32 பிட் பாயிண்டரில் (முகவரியைத் தாங்கும் மாறியில்) வைத்து இன்னொரு ஃபங்ஷனுக்கு அனுப்பிவிட்டால், இது பேக் செய்யப்பட்ட இடத்திலிருந்து வந்தது என்ற செய்தி வழியிலேயே தொலைந்துபோகிறது. வாங்கிய ஃபங்ஷன் முழுச் சொல்லாகப் படிக்கும்; பழைய செயலி பொறியில் விழும். ஜி.சி.சி. 9-ஆம் பதிப்பு இதற்கென்றே ஓர் எச்சரிக்கையைக் கொண்டுவந்தது. எல்லை தெரியாத இடத்திலிருந்து படிக்கக் கெர்னலில் கெட்-அன்அலைன்டு என்ற வழி இருக்கிறது. தேவையான அந்த ஓர் இடத்தில் மட்டும் அதைப் பயன்படுத்துவது, ஸ்ட்ரக்ட் முழுவதையும் பேக் செய்வதைவிட நல்லது.

[திரையில்: இரண்டு வடிவங்கள் பக்கம் பக்கமாக. ஒன்று 12 பைட், மற்றொன்று 16 பைட்.]

இதுவரை பார்த்தது ஒரு முகவரியைச் செயலி ஏற்குமா மறுக்குமா என்ற கேள்வி. இனி வருவது அதைவிட நுட்பமானது: இரண்டு தரப்பும் ஒரே ஸ்ட்ரக்டைப் பற்றித்தான் பேசுகின்றன, ஆனால் அதன் வடிவம் குறித்து இருவருக்கும் வெவ்வேறு எண்ணம். ஆர்ம் உலகில் ஏ.பி.ஐ. பழையதிலிருந்து புதியதற்கு மாறியபோது இது பெரிய அளவில் நடந்தது. பழைய ஏ.பி.ஐ.-யில் 64 பிட் எண் 4 பைட் எல்லையில் இருக்கலாம். புதியதில் 8 பைட் எல்லை கட்டாயம். பல இணைப்புகளில் நடப்பதைக் கெர்னலிடமிருந்து ஒரே இடத்தில் அறிய உதவும் ஈபோல் வசதியின் நிகழ்வைக் குறிக்கும் ஸ்ட்ரக்டில் முதலில் ஒரு 32 பிட் எண், அடுத்து ஒரு 64 பிட் தரவு. பழைய கணக்கில் அது 12 பைட், புதிய கணக்கில் நடுவே 4 நிரப்பு பைட்டுகளோடு 16. பழைய நிரல் புதிய கெர்னலிடம் நிகழ்வுகளின் வரிசையைக் கேட்டால், முதல் நிகழ்விலேயே தரவு நான்கு பைட் தள்ளி விழுந்துவிடும். ஆகையால் பழைய நிரல்களுக்கென்று தனிக் கோப்பொன்றை எழுதி, ஒவ்வொரு நிகழ்வையும் ஒரு வடிவிலிருந்து மற்றதற்குப் பெயர்த்துக் கொடுக்கக் கெர்னலில் ஏற்பாடு செய்தார்கள்.

இது பழைய ஆர்முக்கு மட்டும் உரிய நோய் என்று நினைத்துவிட வேண்டாம். 32 பிட் இன்டெல்லிலும் 64 பிட் எண் ஸ்ட்ரக்டுக்குள் 4 பைட் எல்லையில்தான் இருக்கிறது. 64 பிட் இன்டெல் கெர்னல் இதே ஈபோல் ஸ்ட்ரக்டைப் பேக் செய்து 12 பைட்டாகவே வைத்திருப்பது, 32 பிட் நிரல்களோடு வடிவம் பொருந்த வேண்டும் என்பதற்காகத்தான்.

[திரையில்: எட்டுப் பைட் பெட்டி. இடப்பாதியில் ஒரு பூட்டு, வலப்பாதியில் ஒரு பிட் மட்டும்.]

அண்டை உறுப்பைக் கெடுக்கும் வகையும் ஒன்று உண்டு. 1992-இல் வந்த டெக் நிறுவனத்தின் ஆல்ஃபா செயலிக்கு ஒற்றை பைட்டை எழுதும் கட்டளையே கிடையாது. ஒரு பைட்டை மாற்ற வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள 8 பைட்டையும் படித்து, உள்ளே அந்த ஒன்றை மாற்றி, எட்டையும் திரும்ப எழுத வேண்டும். அந்த இடைவெளியில் வேறொரு செயலி பக்கத்துப் பைட்டை மாற்றியிருந்தால் அந்த மாற்றம் அழிந்துபோகும். 1996-இன் 21164ஏ வகையில்தான் பைட் கட்டளைகள் வந்தன. அதற்கு முந்தைய ஆல்ஃபாக்களுக்கான ஆதரவை லினக்ஸ் 6.10 பதிப்பில், 2024-இல், கைவிட்டது.

பைட் கட்டளை இருந்த இன்டெலின் இட்டானியம் செயலியிலும் கம்பைலர் இதே காரியத்தைச் செய்தது 2012-இல் தெரியவந்தது. பி.டி.ஆர்.எஃப்.எஸ். கோப்பு முறைமையின் ஒரு ஸ்ட்ரக்டில், ஒரே தரவை ஒரே நேரத்தில் பலர் மாற்றாமல் காக்கும் 32 பிட் பூட்டும் அதற்கு அடுத்து ஒரே பிட் கொண்ட ஒரு கொடியும் இருந்தன; இரண்டும் ஒரே 8 பைட்டுக்குள். அந்த ஒரு பிட்டை மாற்ற ஜி.சி.சி. எட்டுப் பைட்டையும் படித்து எட்டையும் எழுதியது. பூட்டைத் தொடும் எண்ணமே அந்த வரியில் இல்லை. ஆனாலும் விடுவிக்கப்பட்ட பூட்டின் மேல் பழைய மதிப்பு எழுதப்பட்டு, அது என்றென்றைக்கும் பூட்டியதாகவே நின்றது. சி நிரலை மட்டும் படிப்பவர் இந்தப் பிழையை எத்தனை ஆண்டு படித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

[திரையில்: ஒரு பாயிண்டரின் 32 பிட்டுகள். கடைசி இரண்டு பிட்டுகள் ஒளிர்கின்றன.]

இப்போது அந்த 2 பைட்டிடம் திரும்புவோம். ஒரு ஸ்ட்ரக்ட் 4-ஆல் வகுபடும் முகவரியில்தான் இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால், அதைச் சுட்டும் பாயிண்டரின் கடைசி இரண்டு பிட்டுகள் எப்போதும் 0. கெர்னல் சிக்கனமானது, அந்த இரண்டு பிட்டுகளை வேறு செய்தி வைக்கப் பயன்படுத்திக்கொள்கிறது. நினைவகப் பக்கம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதும், தரவை வரிசைப்படுத்தி வைக்கும் சிவப்பு-கருப்பு மரத்தின் கணு எந்த நிறம் என்பதும் இப்படித்தான் பாயிண்டருக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன.

2025-இல், நெடுநேரம் முடங்கிக் கிடக்கும் பணி எந்தப் பூட்டுக்காகக் காத்திருக்கிறது என்று காட்டும் வசதி விரிவாக்கப்பட்டபோதும் இதே உத்தி கையாளப்பட்டது. பூட்டின் முகவரியும், கடைசி இரண்டு பிட்டுகளில் அதன் வகையும்: மியூடெக்ஸ் என்றால் 00, செமஃபோர் என்றால் 01, படிப்பவர்-எழுதுபவர் பூட்டுக்கு மற்ற இரண்டு. பெரும்பாலான செயலிகளில் இது பிசகின்றி ஓடியது. 68000 குடும்பத்தில் எச்சரிக்கைகள் வந்தன. அங்கே பூட்டின் உறுப்புகள் 2 பைட் எல்லையில் இருந்தால் போதும். ஆகவே பூட்டின் முகவரியிலேயே இரண்டாம் பிட் 1 ஆக இருக்கலாம், வகைக்கு ஒதுக்கிய இடத்தில் முகவரியின் துண்டொன்று ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. அப்படிப்பட்ட முகவரி வந்தால் அந்தப் பூட்டைக் குறித்துவைக்காமல் அமைதியாக விட்டுவிடுவது என்று திருத்தினார்கள். பூட்டின் வரையறையிலேயே 4 பைட் எல்லையைக் கட்டாயமாக்கலாம் என்ற யோசனையும் எழுந்தது.

என் மனம் அந்த இரண்டாம் வழியின் பக்கமே சாய்கிறது. 68000 இங்கே எதையும் மறுக்கவில்லை, எதையும் தவறாகப் படிக்கவில்லை, தன் ஏ.பி.ஐ.-க்கு முழுமையாகக் கட்டுப்பட்டே நடந்தது. தங்கள் கணினியில் தற்செயலாக உண்மையாக இருந்த ஒன்றை எழுதியவர்கள் எல்லாச் செயலிகளுக்குமான உறுதியாக எடுத்துக்கொண்டார்கள். பாயிண்டரின் பிட்டைக் கடன் வாங்கும் நிரல், அதற்குரிய எல்லையையும் ஸ்ட்ரக்டின் வரையறையிலேயே எழுதிவைத்தால், எந்தக் கம்பைலரும் அதை மீற முடியாது.

[திரையில்: சிவப்பு-கருப்பு மரத்தின் கணுவை வரையறுக்கும் ஸ்ட்ரக்ட். இறுதி வரி மட்டும் பெரிதாகிறது.]

அப்படி எழுதிவைத்த ஓர் இடத்தைக் காட்டுகிறேன். இது சிவப்பு-கருப்பு மரத்தின் கணு. மூன்று உறுப்புகள்: தாய்க்கணுவின் முகவரியும் நிறமும் சேர்ந்த ஓர் எண், வலக் கிளை, இடக் கிளை. வரையறையின் முடிவில், இந்த ஸ்ட்ரக்ட் லாங் வகையின் அளவுக்குச் சமமான எல்லையில் இருக்க வேண்டும் என்ற கட்டளை. அதற்குக் கீழே ஒரு குறிப்பு: இந்த எல்லை வீணானதாகத் தோன்றலாம், ஆனால் கிரிஸுக்கு இது தேவைப்படுகிறதாம்.

நம் ஸ்ட்ரக்டை 5 பைட்டில் வைத்த அதே கிரிஸ்தான். அங்கே ஒற்றைப்படை முகவரியிலும் கணு அமையலாம் என்பதால் நிறத்தைக் குறிக்கும் கடைசிப் பிட்டே பாதுகாப்பாக இல்லை. 2018-இல் வெளிவந்த 4.17 பதிப்பில் கிரிஸ் செயலிக்கான ஆதரவு கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது. குறிப்பும் கட்டளையும் மட்டும் அப்படியே இருக்கின்றன. தாய்க்கணுவின் முகவரியைப் பிரித்தெடுக்கும் வரியைப் பாருங்கள்: அது ஒரு பிட்டை அல்ல, கடைசி இரண்டு பிட்டுகளையும் அழித்துவிட்டுத்தான் முகவரியைத் தருகிறது. 68000 குடும்பத்தில் ஒரு கணு 2-ஆல் மட்டும் வகுபடும் முகவரியில் அமைந்திருந்தால், மரம் ஏறும் ஒவ்வொரு முறையும் தாய்க்கணு 2 பைட் தள்ளிக் கிடைத்திருக்கும். அங்கே லாங் வகையின் அளவு 4. கிரிஸுக்காக எழுதிய அந்த ஒரு வரிதான் இன்று 68000-இல் ஓடும் கெர்னலின் ஒவ்வொரு மரத்தையும் நிற்க வைக்கிறது. குறிப்பில் அதன் பெயர் இல்லை.